முதல் குண்டு மட்டும் கீழே

"எல்லாரும் தயாரா? நான் ஆரம்பிக்கட்டுமா?"

துப்பாக்கிப் பயிற்சித் திடலில் இதைக் கேட்காமல் ஆர்விட் காங்கஸ் முதல் குண்டைச் சுட்டதே கிடையாது. தோட்டாவை உள்ளே தள்ளி மூடுவார். குழல் யார் பக்கமும் திரும்பிவிடக் கூடாது என்று அதன் வாயைத் தரையைப் பார்க்கத் தாழ்த்திப் பிடிப்பார். உடம்பு அசையாது, கழுத்து மட்டும் திரும்பும். அப்படியே ஆள் ஆளாக முகம் பார்த்து அனுமதி வாங்கிவிட்டுத்தான் துப்பாக்கியை மணல் மூட்டையில் சாய்ப்பார்.

பக்கத்து மேசையில் சுடுகிற டுவேன் பெல்க்கிக்கு இதனால் எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். காது மூடியை மாட்டிக் குறி பார்க்க ஆரம்பித்த மனிதன், அதைக் கழற்றிவிட்டு "ஆங், சுடு, சுடு" என்று பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இதே கூத்து.

ஆர்விட் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். "உக்காந்தாச்சா கண்ணுங்களா?" என்று கேட்டு, கடைசி வாண்டும் "ஆச்சு" என்று கத்தினால்தான் வண்டி நகரும். நாற்சந்தியில் நின்றாரென்றால் மற்ற மூன்று பக்கத்து வண்டிகளும் போய்த் தீர வேண்டும். "இவரு வழி விட்டு முடிக்கறதுக்குள்ள கடைக்காரன் பூட்டிட்டு வீட்டுக்கே போயிடுவான்" என்பது அவர் மனைவி மார்லினின் நிரந்தரப் புலம்பல். அமெரிக்காவின் சூப்பீரியர் ஏரிக்கரையில் இப்படி ஒரு மனிதர் எப்படி இத்தனை காலம் தள்ளினார் என்று டுவேனுக்கு ஆச்சரியம்தான்.

கடையில் பெட்டி பெட்டியாகக் குண்டு கிடைக்கிறது. ஆர்விட் வாங்க மாட்டார். பழைய டயர்க் கடைகளில், சக்கரத்தில் மாட்டுகிற ஈய எடைக்கட்டிகளைப் பொறுக்கிவந்து, கொட்டகையில் உருக்கி, அச்சில் வார்த்து, மெழுகு பூசித் தானே செய்துகொள்வார். ஒரு சின்னச் சுருக்கம் தெரிந்தாலும் குண்டு திரும்ப உலைக்குப் போய்விடும். ஈயம் மிருதுவானது, வேகம் தாங்காது. அதனால் தோட்டாவுக்குள் பாதிக்கும் குறைவாகவே வெடிமருந்து போடுவார்.

"கடையில வாங்கித் தொலையேன்யா" என்பார் டுவேன்.

"வாங்கிட்டா குளிர்காலம் பூரா நான் என்ன பண்றது? மார்லினோட சண்டை போடவா?"

வார்த்த குண்டுகள் நன்றாகத்தான் போயின, முதல் குண்டைத் தவிர. அது நாலு விரற்கடை கீழே விழும். அதற்கப்புறம் சுடுவதெல்லாம் ஒரு காப்பிக் கோப்பை மூடுகிற இடத்துக்குள் கொத்தாக உட்காரும். குறி அட்டையில் இது வேடிக்கை. காட்டில் மானுக்கு முன்னால் அந்த முதல் குண்டுதானே எல்லாம்?

போன நவம்பரில் அதுதான் நடந்தது. நெஞ்சுக்குக் குறி வைத்த பெண்மானுக்கு முன்னங்கால் முறிந்தது. மூன்று காலில் அது ஓட, ஆர்விட் ரத்தச் சுவட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனார். பனி கொட்டிச் சுவட்டை மூடியபோது கைவிளக்கோடு நின்று அழுதுவிட்டார். டுவேன்தான் தோளைப் பிடித்துத் திருப்பிக் கூட்டிவந்தார். "முதல் குண்டு சரியாகாம நான் இனிமே காட்டுக்கு வரல. ஒரு உசுர அரைகுறையா விட்டுட்டு வர என்னால முடியாது" என்று அன்றே சொல்லிவிட்டார்.

அதற்கப்புறம் ஒரு வருஷமாக மனிதர் படாத பாடு பட்டார். குழலுக்குள் எண்ணெய்ப் பிசுக்கோ என்று துடைத்துக் காயவைத்துச் சுட்டார். துடைக்காமல் அழுக்கோடும் சுட்டார். குளிரில் மெழுகு இறுகுகிறதோ என்று மெழுகை மாற்றினார். துப்பாக்கிக் கட்டையின் திருகுகளை எல்லாம் இறுக்கினார். "கை நடுங்குதோ?" என்று மருத்துவரிடம் போய்க் காட்டக்கூடச் செய்தார். முதல் குண்டு கீழேயே விழுந்தது.

வேட்டைப் பருவம் தொடங்கப் போகிற வாரம். டுவேனுக்கு அன்று பல்வலி வேறு. ஆர்விட் தோட்டாவை மூடி, குழலைத் தாழ்த்துவதற்குள்ளேயே வாயைத் திறந்தார்.

"எல்லாரும்..."

"யோவ்! யாரையும் ஒண்ணும் கேக்காத. வாய மூடிக்கிட்டு சுடுய்யா!"

ஆர்விட்டின் முகம் சிவந்துபோனது. அப்படியே துப்பாக்கியை மணல் மூட்டையில் சாய்த்துச் சுட்டார். தொலைநோக்கியில் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். குண்டு நட்டநடுவில் இருந்தது.

"டுவேன், நான் இப்ப என்ன பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல. அதான் சொல்றேன், மரியாதை பண்ணாம சுட்ட."

ஆர்விட் ஒரு தோட்டாவை எடுத்துக் காதருகே வைத்து ஆட்டினார். உள்ளே மருந்து சலசலத்தது. தோட்டாவின் மூக்கைக் கீழே சாய்த்தார், மருந்து முன்னால் ஓடிக் குண்டோடு ஒட்டிக்கொண்டது. நிமிர்த்தினார், பின்னால் வந்து, தீப்பொறி கிளம்புகிற அடிப்பக்கம் உட்கார்ந்தது. அடுத்த தோட்டாவைப் போட்டு, வேண்டுமென்றே குழலைத் தரைக்குத் தாழ்த்தி, டுவேனிடம் "தயாரா?" என்று கேட்டுவிட்டுச் சுட்டார். நாலு விரற்கடை கீழே! மருந்து முன்னால் போய்விட்டால் வெடிப்பு மந்தமாகி, வேகம் குறைந்து குண்டு இறங்கிவிடுகிறது. மற்ற குண்டுகளுக்கு யாரையும் கேட்பதில்லை, குழலும் தாழ்வதில்லை.

"அடப்பாவி" என்று டுவேன் சிரிக்கத் தொடங்கினார். ஆர்விட் சிரிக்கவில்லை.

"அந்த மானைச் சுட்ட அன்னிக்கும் குழல கீழ பாக்கத்தான் பிடிச்சிருந்தேன். நீ எனக்கு முன்னால நடந்துட்டிருந்த. உன் பக்கம் திரும்பிடக் கூடாதேன்னு."

பல்வலியை மறந்து டுவேன் அவரையே பார்த்தார்.  தன் குடுவையிலிருந்து காப்பி ஊற்றி அவர் முன்னால் நகர்த்தி வைத்தார்.

பருவம் தொடங்கிய நாள் காலையில், தேவதாரு மேட்டில் டுவேன் உட்கார்ந்திருக்கையில் ஓடைப் பக்கமிருந்து ஒரு வெடி கேட்டது. இரண்டாவதுக்காகக் காதைத் தீட்டினார். வரவேயில்லை. அவர் இறங்கிப் போனபோது, நின்ற இடத்திலேயே ஒரு பெண்மான் சாய்ந்து கிடந்தது, நெஞ்சில் ஒரே காயம். "பிரமாதம்யா!" என்று கத்தினார்.

ஆர்விட் நிமிரவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டுப் பனியில் மண்டியிட்டிருந்தார். மானின் முன்னங்கால் ஒன்றைத் தோளிலிருந்து குளம்புவரை மெல்லத் தடவிக்கொண்டே வந்தார், எலும்பில் எங்காவது முன்பு முறிந்து மறுபடி கூடிய முடிச்சு தட்டுப்படுகிறதா என்று. பிறகு அதை மெதுவாகப் பனியில் வைத்துவிட்டு, அடுத்த முன்னங்காலை எடுத்தார்.