ஒரு கரண்டி சுண்ணாம்பு

நுரைக்காரர், வீட்டில் துணி ஊறும் வாளியைக்கூட நின்று உற்றுப் பார்க்கிற ஆள். "தள்ளுங்க, அதுல ஒண்ணும் மிதக்கல" என்று மனைவி விரட்டுவாள்.

இருபது வருடம் செம்புத் தாதைத் தொட்டியில் மிதக்கவிட்டவர். அந்தச் சுரங்கம் மூடியதும் இந்த ஆலைக்கு வந்தார். பழைய சுரங்கக் கழிவு மேட்டை அரைத்து, தண்ணீரில் கலக்கி, மருந்து ஊற்றிக் காற்றை விட்டால், ஆன்டிமனி என்கிற உலோகத்தின் தாது குமிழியில் ஒட்டிக்கொண்டு மேலே வரும். மண் அடியில் போய்விடும். மேலே வரும் நுரையை வழித்தெடுப்பதுதான் இவர் வேலை, பெயரும் அதனால்தான். அன்று சோதனையின் கடைசி நாள். மதியத்துக்குள் தாது வராவிட்டால், மேட்டில் ஒன்றுமில்லை என்று இன்ஜினியர் எழுதிவிடுவார், ஆலையை மூடிவிடுவார்கள். ஐம்பத்து நான்கு வயதில் யார் வேலை கொடுப்பார்கள்?

பத்து மணிக்குச் சாம்பல் நிற நுரை வெளுத்துப்போனது.  நுரைக்காரர் காற்றைக் கூட்டினார், மருந்துக் குழாயைத் தட்டினார். வெறும் சோப்பு நுரைதான் வந்தது.

"மேட்டுல சரக்கே இல்ல போலிருக்கு" என்று இன்ஜினியரம்மா பேனாவைத் திறந்தார்.

அப்போதுதான் நுரைக்காரர் தன் விரல்களைப் பார்த்தார். நகக்கண்ணில் வெள்ளைத் தூள். ஒன்பதரைக்கு நுரை கொஞ்சம் சோர்ந்ததும், கழிவுநீருக்கென்று வைத்திருந்த சுண்ணாம்பில் ஒரு கரண்டி அள்ளித் தொட்டியில் போட்டிருக்கிறார். செம்புக்குச் செய்து பழகிய வைத்தியம். இங்கே சுண்ணாம்பு விழுந்தால் ஆன்டிமனி குமிழியில் ஒட்டாது என்று முதல் நாளே படித்துப் படித்துச் சொன்னார்கள். மண்டை கேட்டுக்கொண்டது, கை கேட்கவில்லை.

சொன்னால் இவர் வேலை போகும். சொல்லாவிட்டால் ஆலையில் இருக்கிற அறுபது பேர் வேலையும் போகும். மனிதர் முதலில் என்ன செய்தார் தெரியுமா? விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். பயந்தவன் புத்தி அப்படித்தான்.

பேனா தாளைத் தொட்டது.

"மேடம், எழுதாதீங்க. நான்தான் சுண்ணாம்பு போட்டுட்டேன்."

இன்ஜினியரம்மா கத்தவில்லை, கத்தியிருந்தால்கூடத் தேவலை. தொட்டியிலிருந்ததைத் தனியே பீப்பாய்களில் இறக்கிவைத்துவிட்டுப் புதுக் கலவை விடச் சொன்னார். நுரைக்காரரை நாலடி தள்ளி நிற்கச் சொன்னார். ஒன்றரை மணி நேரம் அவருக்கு உயிர் உயிராக இல்லை.

பன்னிரண்டடிக்கக் கால் மணி இருக்கையில் நுரை கறுத்து மினுங்கியது. யாரோ கைதட்டினார்கள். நுரைக்காரர் நாலடி தள்ளியே நின்று கேட்டார்:

"நாளைக்கு... நான் வரலாமா மேடம்?"

இன்ஜினியரம்மா பீப்பாய்களைக் காட்டினார். "வராம? காலைல நீங்க அடியில விட்டதை யாரு மேல கொண்டுவர்றது?"