ஒதியம்போத்து வேலி

இப்போது கம்பெனி மதில் ஓடுகிற இடத்தில்தான் எங்கள் வண்டிவழி இருந்தது. அறுத்த நெல் வடக்குப்பட்டு வீட்டுக்கு வர அதை விட்டால் வேறு பாதை இல்லை. 1991 ஆடியில் என் பெரியப்பா மகன், பக்கத்துக் கொல்லைக்காரர், தன் கத்தரிச் செடிகளுக்கு வேலி போட்டார். கை கனத்தில் ஒதியங்கிளைகளை வெட்டி, போத்துகளாக நட்டுக்கொண்டே வந்தவர், வழிக்குள் ஒரு முழம் வந்துவிட்டார்.

"யோவ், அறுப்புக்கு வண்டி எப்டி வரும்? போயி கேளேன்" என்றாள் என் மனைவி.

போனேன்.

"வாடா, இந்தப் போத்தக் கொஞ்சம் நேரா புடி" என்றார் அண்ணன்.

பிடித்தேன். வழிக்குள் வந்த பதினோரு போத்துகளும் நூல் பிடித்தாற்போல் நின்றன.

ஒதியன் உத்திரத்துக்கு ஆகாது, கதவுக்கு ஆகாது. தழை ஆட்டுக்கு, பட்டை புண்ணுக்கு. மற்றபடி வெட்டி நட்ட இடத்தில் பிழைத்துக்கொள்வதுதான் அதன் திறமை. அதை மட்டும் காட்டாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஆவணி மழையில் எல்லாம் துளிர்த்தன. வாய்ச்சண்டை இல்லாமல் ஜெயிக்க, ஆடுகளை அந்தப் பக்கம் ஓட்டினேன். கடித்த இடத்தில் இரண்டாகத் துளிர்த்தது.

தையில் இலை முழுதும் கொட்டியது. பனி முடிவதற்குள் ஒதியன் மொட்டையாகிவிடும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நெல் முற்றிக்கொண்டிருந்ததால் மறந்துபோனேன்.

"அண்ணே, வேலி செத்துப்போச்சி. புடுங்கிடட்டுமா? அடுப்புக்கு ஆவும்."

அண்ணன் ஒரு போத்தின் பட்டையை நகத்தால் சுரண்டினார். உள்ளே பச்சை.

"ஒதியன் செத்துச்சின்னு சொன்ன மொத ஆளு நீதாண்டா!" என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்தார். "இன்னாடா, வண்டிக்கு எடம் பத்தலியா?"

தலையாட்டினேன்.

"அடப்பாவி, நடசொல்லவே, நீ போத்தப் புடிச்சப்பவே, வாயத் தொறந்து சொல்லியிருந்தா தள்ளி நட்டிருப்பேனே. இப்ப வேர் புடிச்சிகினு நிக்கிது. பச்ச மரத்தப் புடுங்குன்னா எப்டிடா?"

உண்மையாகவே வருத்தப்பட்டார். மோர் கூடக் கொடுத்தார்.

அந்தப் போக நெல் முழுதும் தலைச்சுமையாக வந்தது. முதல் கட்டு நெல்லை என் மனைவி தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். எதிரே வந்தவர்கள், "வண்டி இன்னாம்மா ஆச்சி?" என்று கேட்டார்கள்.

"பின்னால வர்றாரு பாரு, அவரக் கேளு" என்றாள்.

என் தலையிலிருந்த கட்டு கண்ணை மறைத்துக்கொண்டிருந்தது. நல்ல வேளை, யார் கேட்டார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.