காலி வீதிப் பக்கத்து யன்னல்

எனக்கு மூச்சு இழுக்கும் முட்டு வருவதற்குக் குச்சி ஐஸ்பழம்தான் காரணம் என்று எங்கள் வீட்டில் நெடுநாள் நம்பினார்கள். அநியாயம்! வாங்கித் தந்ததே வருசத்துக்கு இரண்டு ஐஸ்பழம்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதி என்ற பெருந்தெருவைப் பார்த்த மாடியில் இரண்டு அறை எடுத்திருந்தோம். நேர் கீழே இராணுவமும் பொலிஸும் நிற்கும் சோதனைச்சாவடி. பஸ்களெல்லாம் என்ஜினை நிறுத்தாமல் வரிசையில் நின்று எங்கள் யன்னலுக்குள் புகையை ஊதும். எனக்கு நெஞ்சு இழுக்கத் தொடங்கினால் அம்மா தூக்கிக்கொண்டு டொக்டரிடம் ஓடுவார்.

"மருந்து மட்டும் காணாது அம்மா, வீட்டை மாத்துங்கோ" என்றார் டொக்டர்.

மாத்துவதாவது! தமிழருக்கு அறை கொடுக்கவே ஆட்கள் யோசித்த யுத்த காலம். கிடைத்தாலும் பொலிஸ் பதிவை முதலிலிருந்து தொடங்க வேண்டும். புறக்கோட்டைக் கடையொன்றில் வேலை செய்த அப்பாவின் சம்பளத்தில் வாடகைக்கு அடுத்த பங்கு என் நெஞ்சுக்குத்தான் போனது. டொக்டரின் பில்லைக் கண்டாலே அவருக்கு முகம் கறுத்துவிடும். அம்மாவோ ஒரு பில் துண்டையும் எறியாமல் சிலிசிலிப் பொலித்தீன் பையொன்றில் அடைத்து வைப்பார்.

பிறகு அம்மாவே ஒரு வழி கண்டுபிடித்தார். படுக்கை விரிப்பை நனைத்து யன்னலை முழுதாக மூடிக் கட்டினார். மாலையில் அதை அலசினால் கரிச்சட்டி கழுவிய தண்ணீர் வரும். இரண்டு கிழமை, பதினாலு நாளும், எனக்கு முட்டே வரவில்லை.

மூன்றாம் கிழமை இரண்டு பொலிஸ்காரர் படியேறி வந்தார்கள். வீதிப் பக்க யன்னலை ஏன் மூடி வைத்திருக்கிறீர்கள், உள்ளே என்ன நடக்கிறது என்று சிங்களத்தில் கேட்டார்கள். கடையில் சிங்களம் வெளுத்துக்கட்டும் அப்பா தமிழிலேயே ஏதோ உளறினார். ஒருவர் அவருடைய கையைப் பிடித்துவிட்டார். அப்படிக் கொண்டுபோகப்பட்டவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

அம்மா ஓடிப்போய் அந்தப் பையைத் தரையில் கொட்டினார். "லமயா அசனீப்பய் சேர், ஹுஸ்ம கன்ன பே!" பிள்ளைக்குச் சுகமில்லை, மூச்சுவிட முடியாது என்று தனக்குத் தெரிந்த சிங்களத்தில் கத்தினார்.

மூத்த பொலிஸ்காரர் குந்தியிருந்து பில்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். நடுவில் அவருக்கே இருமல் பிடித்துக்கொண்டது. பாவம், அவரும் நாள் முழுக்க அந்தப் புகைக்குள்தானே நிற்கிறார். என்னை ஒருமுறை பார்த்தார். அப்பாவை விடச் சொன்னார். விரிப்பை மட்டும் உடனே கழற்றச் சொல்லிவிட்டுப் போனார்.

கழற்றிய நாலாம் நாள் எனக்கு முட்டு வந்தது. இந்த முறை அப்பாவே தூக்கிக்கொண்டு ஓடினார்.

"பில்லில பிள்ளையின்ர பேரையும் திகதியையும் வடிவாப் போட்டுத் தாங்கோ" என்று கேட்டு வாங்கி, சோதனைச்சாவடியில் நீட்டும் அடையாள அட்டையோடு சேர்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். முகம் கறுக்கவேயில்லை. அப்பாவுக்கு என்மேல் இவ்வளவு பாசமா என்று எனக்குத் தலைகால் தெரியாத சந்தோசம், புளுகம். நான் மூச்சுக்குத் திணறும்வரைக்கும்தான் அவர் வீட்டில் இருக்கலாம் என்பது அந்த ஒன்பது வயதில் எனக்கு விளங்கவில்லை.