காதுக்கு எட்டாத சத்தத்தைத் தேடிப் பொகவந்தலாவைக்கு

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, எந்தத் திட்டமும் இல்லாமல் இலங்கை மலையகத்திலுள்ள பொகவந்தலாவைக்குக் கிளம்பினேன். அங்குள்ள தேயிலைத் தொழிற்சாலையொன்றில், கொழுந்து அரைக்கும் ஆறு ரோலர்களில் ஒன்றில் மட்டும், பொறியாளரான நானும் என் குழுவும் பரீட்சார்த்தமாக ஒலியுமிழ்வு உணரி பொருத்தியிருந்தோம். இரும்புக்குள் வெடிப்பு வளரும்போது எழும், காதுக்கு எட்டாத ஒலியைப் பிடிக்கும் சின்னக் கருவி அது. கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை, கொழும்பில் என் கணினித் திரையில் அதன் கோடு ஏறத் தொடங்கியது. தொழிற்சாலையை நடத்தும் டீமேக்கர் தியாகராஜாவை அழைத்தேன்.

"இங்க நல்லாதான் ஓடுதுங்க மிஸ். உங்க கருவியிலதான் ஏதோ கோளாறு."

இருக்கலாம். ஆனால் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து காலை ஆறு மணிக்குச் சற்று முன் புறப்படும் ரயில், பதினொன்றரைக்கு ஹட்டன். நாவலப்பிட்டிக்கு மேலே எல்லோரும் ஜன்னலில் தொங்கிப் படமெடுத்தார்கள். நான் சிக்னல் வந்து வந்து போகும் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஹட்டனிலிருந்து பஸ்ஸில் ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீட்டர். நோர்வூட்டில் பஸ் நின்றது, நின்றுகொண்டே இருந்தது. எப்போது எடுப்பீர்கள் என்று கண்டக்டரிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டேன்.

"டிரைவர் டீ குடிச்சிட்டு வரட்டும் மிஸ். மலை எங்கயும் ஓடிப்போகாது."

தொழிற்சாலைக்குள் நுழைந்ததும் பென்சில் முனையொன்றை ரோலர் சட்டத்தில் அழுத்தி உடைத்தேன். அந்தச் சின்ன முறிவின் ஒலியை உணரி பிடிக்க வேண்டும்; அது வேலை செய்கிறதா என்று பார்க்க உலகமெங்கும் இதுதான் வழி. ரோலருக்குக் கொழுந்து கொட்டும் பரமேஸ்வரி அக்கா சிரித்துவிட்டார்.

"பென்சில் ஒடைக்கவா கொழும்புலருந்து வந்தீங்க?"

நான் கொண்டுபோன மடிக்கணினித் திரையில் கோடு சட்டென்று துள்ளியது. உணரி நன்றாக இருந்தது. அப்படியென்றால் கோளாறு ரோலரில்தான். நிறுத்தச் சொன்னேன்.

தியாகராஜா வாடிய கொழுந்துக் குவியலைக் காட்டினார். "இது காத்திருக்காதுங்க. முடிச்சிட்டு நிப்பாட்டுறேன்."

"அதுவரைக்கும் அக்காவ பக்கத்துல நிக்க விடாதீங்க."

அவர் பரமேஸ்வரியைப் பார்த்தார். ரோலர் ஒருமுறை சுற்றி வந்தது. பிறகு அவரே போய் சுவிட்சை அணைத்தார்.

ஃபிட்டர் பேரிங்கைக் கழற்றினார். புதிது போலிருந்தது. என் முகம் சூடாகியது. தியாகராஜா கடிகாரத்தைப் பார்த்தார். ரோலரைச் சுழற்றும் கிராங்கின் கழுத்தையும் பார்த்துவிடலாம் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன். சிவப்புச் சாயம் பூசி, துடைத்து, வெள்ளைத் தூள் தெளித்துக் காத்திருந்தோம்; வெடிப்பு இருந்தால் அதற்குள் போன சாயம் தூளில் கசிந்து தெரியும். மெல்ல, தலைமுடி அளவில், கழுத்தைப் பாதி சுற்றி ஒரு சிவப்புக் கோடு எழுந்தது.

"இது எப்ப ஒடைஞ்சிருக்கும் மிஸ்?" என்றார் பரமேஸ்வரி.

"தெரியாதுக்கா. நாளைக்கோ, அடுத்த மாசமோ."

அவர் தான் வழக்கமாக நிற்கும் இடத்தைத் திரும்பிப் பார்த்தார். தியாகராஜா கொழுந்தை மற்ற ரோலர்களுக்கு மாற்றச் சொல்லிவிட்டு எனக்குத் தேநீர் வரவழைத்தார். கையோடு, "இன்னும் எத்தன கருவி இருக்கு உங்ககிட்ட?" என்றார்.

போக நினைப்பவர்களுக்கு: ஸ்வெட்டர் அவசியம், மதியத்துக்குப் பிறகு மழை நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும் கடைசி பஸ் எப்போது என்று இறங்கும்போதே விசாரித்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலை பார்க்க முன்கூட்டி அனுமதி கேளுங்கள். துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு, ஓடும் ரோலரிலிருந்து விலகியே நில்லுங்கள். சத்தம் சீராகத்தானே இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள்.

ஒன்றைக் கண்டுபிடித்த நிம்மதியோடு திரும்பியிருக்க வேண்டும். முடியவில்லை. நான் பஸ் ஏறும்போது, உணரி இல்லாத மற்ற ஐந்து ரோலர்களும் ஓடிக்கொண்டிருந்தன.