முடிச்சு யார் போடுவது?

"ஆசீர்வாதம் சொல்லக் கையைத் தூக்கினா முந்தானை சரியுமேம்மா... அப்ப என்ன செய்வ?"

குருத்துவப் படிப்புக்கு ஆள் எடுக்கும் கமிட்டியில், மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. என் விசுவாசத்தைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. வேதாகமத்தைப் பற்றியும் கேட்கவில்லை. முந்தானை!

"சேஃப்டி பின் குத்திக்குவேங்கய்யா" என்றேன்.

அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் இருமுவதுபோல் சிரித்தார். எனக்கு இடம் கிடைத்தது.

எனக்கு முன் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போனவர் யாரும் இல்லை. அப்பா மட்டும் போயிருக்கிறார் — சுவருக்கு வெள்ளையடிக்க. அம்மா அபார்ட்மென்ட்களில் வீட்டுவேலை. நான்தான் முதலில் படித்தவள். ஆமாம், பெருமைதான். அதை எதற்கு மறைக்க வேண்டும்?

இப்போது நீலசந்திரா பக்கம் ஒரு தமிழ்ச் சபைக்கு நான் ஆயர். ஞாயிறு தவறாமல் கை தூக்கி ஆசீர்வாதம் சொல்கிறேன். முந்தானை ஒருநாளும் சரிந்ததில்லை. சரிவதெல்லாம் என் பொறுமைதான்.

பாருங்கள்... ஆண் ஒருவர் ஆயராக வந்தால் அவர் மனைவிக்கும் சபையில் சில வேலைகள் தானாக வந்து சேரும். பெண்கள் ஐக்கியத்துக்குத் தலைவி. அறுப்பின் பண்டிகை பிரியாணிக்கு மேற்பார்வை. யார் வீட்டுக்கு வந்தாலும் காபி. நான் ஆயரானதும் இவையெல்லாம் என் கணவர் பிரபுவுக்குத்தானே போயிருக்க வேண்டும்? போகவில்லை. எனக்கே வந்தன. அவருக்கு வந்தது மரியாதை மட்டும்.

சமீபத்தில் ஒரு புதுவீட்டுப் பிரதிஷ்டைக்குப் போனோம். ரிப்பன் வெட்டும் கத்தரிக்கோலை வீட்டுக்காரர் யாரிடம் நீட்டினார் என்று நினைக்கிறீர்கள்? "ஐயா, நீங்களே ஒரு வார்த்தை ஜெபம் பண்ணிடுங்க" என்று பிரபுவிடம்!

பிரபு எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனிக்கு அக்கவுன்ட்ஸ் பார்க்கிறவர். நாலு பேர் முன்னால் வாய் திறந்தாலே வேர்த்துவிடும். "ஆண்டவரே... வீடு நல்லா இருக்கு. ஆமென்" என்றார்.

வீட்டுக்காரர் உருகிப்போனார். அதன் பிறகு நான் அறை அறையாகப் போய் ஜெபித்தேன். அதைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லை.

இதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது, போன சனிக்கிழமை என் சொந்த வீட்டில் நடந்ததுதான்.

என் தம்பி ஸ்டீபனுக்கும் அல்சூரில் இருக்கும் ஜெனிக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. காதல்தான். கல்யாணம் எங்கள் சபையில். அழைப்பிதழில் என்னென்ன போடுவது என்று பேச ஜெனியின் அப்பா தேவராஜ் அங்கிள் வந்திருந்தார்.

பெயர்களெல்லாம் எழுதி முடித்ததும் தொண்டையைச் செருமினார்.

"பாஸ்டரம்மா, நீங்க பேஜார் பண்ணிக்கக் கூடாது. கல்யாணத்தை நடத்துறவர் பேரை மட்டும் இப்ப விட்டுவைக்கலாம். பெரிய ஐயா யாரையாவது கூப்பிடலாம்னு..."

"ஏன் அங்கிள்? நான்தான் இருக்கேனே."

"நீங்க மாப்பிள்ளை வீட்டு ஆளு. ஜாலியா ஃபேமிலியோட உக்காருங்களேன். தங்கவயல்ல இருந்து எங்க சொந்தக்காரங்க எல்லாம் வர்றாங்க. 'என்ன தேவராஜு, ஆம்பளை ஐயா ஒருத்தரும் கிடைக்கலையா'ன்னு கேப்பாங்க. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கம்மா."

அட்ஜஸ்ட்! இந்த ஊரில் மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆளாக உட்காரக் கேட்கும் வார்த்தை அது. திருமண ஆராதனைக்கும் அதேதானா?

எழுந்து காபி போடப் போனேன். நான் போடாவிட்டால் யார் போடுவது? இந்த ஆயருக்குத்தான் மனைவி இல்லையே!

பின்னாலேயே அம்மா வந்தார். எனக்கு ஆதரவாக நாலு வார்த்தை சொல்வார் என்று நம்பினேன்.

"அவரு சொல்றதும் சரிதானேடி."

"எம்மா, நீயுமா?"

"நீ அங்கி போட்டுகினு முன்னால நின்னுட்டா, பொண்ணு பின்னால நின்னு முடிச்சு போடுறது யாரு? அவனுக்கு இன்னா பத்து அக்காவா கீறாங்க?"

மாப்பிள்ளை தாலியைக் கழுத்தில் வைத்ததும், நாத்தனார் பின்னால் நின்று முடிச்சுப் போடுவது எங்கள் கல்யாணங்களிலும் உண்டு. ஞானஸ்நானம் எடுத்த பிறகும் நாங்கள் விடாத வழக்கங்களில் இதுவும் ஒன்று.

அம்மா குரலைத் தணித்தார். "அவுங்க பழைய குடும்பம். மூணு தலைமுறையா கோயில்ல முன் பெஞ்சுக்காரங்க. நான் வீட்டுவேல செய்றவ. ஏற்கெனவே ஒரு மாதிரியாதான் பாக்குறாங்க. நீ முரண்டு புடிச்சு, இந்தச் சம்பந்தமே வாணாம்னு எழுந்து பூட்டாங்கன்னா? உன் தம்பி மூஞ்சிய நெனச்சுப் பாத்தியா?"

நினைத்துப் பார்த்தேன். நேரிலேயே போய்ப் பார்த்தேன். தம்பி ஹாலில் ஒரு மூலையில் போனுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தான்.

"ஸ்டீபா, உன் கல்யாணத்தை யாரு நடத்தணும்?"

"யாருன்னாலும் ஓகேக்கா."

எதிர்ப்பவர்களைக் கண்டு எனக்குப் பயமில்லை. அவர்களுக்கான பதில் எப்போதும் கைவசம் இருக்கும். ஆனால் 'யாருன்னாலும் ஓகே' என்பவனுக்கு என்ன பதில் சொல்வது? இவனுக்கு 'அ' எழுதக் கற்றுக்கொடுத்தது நான். இந்த 'ஓகே'யை எங்கே கற்றுக்கொண்டான்?

தேவராஜ் அங்கிள் காபியைக் குடித்துவிட்டு, "பிரமாதம்மா" என்று பாராட்டிவிட்டுப் போனார். காபியைத்தான்.

உண்மையைச் சொல்கிறேன். விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். என்னால் தம்பி கல்யாணம் நின்றது என்று நாளைக்கு ஒரு பேச்சு வந்தால்? தவிர, தலைமை என்றால் விட்டுக்கொடுப்பது என்று நானே எத்தனை பிரசங்கம் செய்திருக்கிறேன்! விட்டுக்கொடுக்கச் சொல்லி எப்போதும் யாரிடம் கேட்கிறார்கள் என்பதைத்தான் ஒரு பிரசங்கத்திலும் சொன்னதில்லை.

அன்று மாலையே ஜெனி போன் செய்தாள்.

"அக்கா, எங்கப்பா என்னமோ உளறிட்டு வந்திருக்காராமே? நீங்கதான் நடத்தணும்னு நான் ஸ்டீபன்கிட்ட முதல்லயே சொல்லிட்டேனே. அவன் சொல்லலையா?"

சொல்லவில்லை. சொன்னால் சண்டை வருமாம். அதனால் எல்லாருக்கும் ஓகே சொல்லிக்கொண்டிருக்கிறான், உத்தமன்!

"ஏன் ஜெனி, நான்தான் வேணும்னு அடம்? யார் ஆசீர்வாதம் சொன்னாலும் ஆசீர்வாதம்தான்."

"இந்தக் கல்யாணத்தைப் பத்தி எங்கப்பாகிட்ட கேட்டாங்க. சித்தப்பாகிட்ட கேட்டாங்க. தங்கவயலுக்கே போன் போட்டுக் கேட்டாங்க. கவுன்சலிங்ல நீங்க ஒருத்தர்தாங்க்கா ஸ்டீபனை வெளியே அனுப்பிட்டு, 'நிஜமாவே உனக்கு சம்மதமா? இல்லன்னா இப்பவே சொல்லு, நான் பாத்துக்கறேன்'னு கேட்டீங்க. சொந்தத் தம்பி கல்யாணத்துலயே! அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்."

கல்யாணத்துக்கு முன் தம்பதிகளை உட்காரவைத்துப் பேசுவது ஆயரின் வேலை. எல்லாப் பெண்களிடமும் தனியாகக் கேட்கிற கேள்விதான் அது. அதை ஒருத்தி இப்படிப் பத்திரமாக வைத்திருப்பாள் என்று எனக்கெப்படித் தெரியும்?

"அப்பாகிட்ட பேசிட்டேன்க்கா. அவர் இன்னும் ஒண்ணும் சொல்லல" என்று போனை வைத்தாள்.

ஜெபம் செய்தேன். பதில் வருவதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது.

அன்றைக்குத்தான் முதல் ஓலை. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் என்று சபையில் வாசித்து, தடை ஏதும் உண்டா என்று கேட்கும் வழக்கம். ஓலை கேட்க ஜெனி குடும்பத்தோடு வந்திருந்தாள். தேவராஜ் அங்கிள் முன் பெஞ்சில். அம்மா, கண்ணில் படாத தூரத்தில் கடைசி பெஞ்சில்.

பெயர்களை வாசித்தேன். அதோடு வழக்கத்தில் இல்லாத ஒரு வரியையும் சேர்த்தேன்: "இந்தத் திருமண ஆராதனையைச் சபையின் ஆயராகிய நான் நடத்துவேன்."

பிறகு கேட்டேன். "இதற்குத் தடை உண்டென்று அறிந்தவர்கள் இப்போதே சொல்லலாம்."

சாதாரணமாக ஒரு மூச்சு விட்டுவிட்டு அடுத்த அறிவிப்புக்குப் போய்விடுவேன். அன்று போகவில்லை. நின்றேன். முன் பெஞ்சைப் பார்த்தேன்.

தேவராஜ் அங்கிள் எழுந்தார்.

ஜெனி அப்பாவையே பார்த்தாள். தம்பி ஒருவழியாகப் போனிலிருந்து தலையை எடுத்தான்.

அங்கிள் பேன்ட் பாக்கெட்டில் கையை விட்டு, சிக்கியிருந்த கர்சீப்பை இழுத்து எடுத்தார். நெற்றியைத் துடைத்தார். உட்கார்ந்துவிட்டார்.

ஆராதனை முடிந்ததும் அவரே வந்தார். "நேத்துல இருந்து ஜெனி என்கூட பேசலைம்மா. காலையில காபிகூடப் போட்டுத் தரல." கர்சீப்பை மடித்துக்கொண்டே, "தங்கவயல்காரங்க கேட்டா என்ன சொல்றது?" என்றார்.

"என்கிட்ட அனுப்புங்க அங்கிள்."

வருடக்கணக்கில் இறையியல் படித்துவிட்டு வந்திருக்கிறேன். கடைசியில் மனிதரை அசைத்தது ஒரு டம்ளர் காபி!

அம்மா மட்டும் விடுவதாக இல்லை. "எல்லாம் சரி. முடிச்சு?"

"தாலிய ஆசீர்வதிச்சு ஸ்டீபன் கையில குடுத்துட்டு, நானே சுத்திப் போய் ஜெனி பின்னால நின்னு போடுறேன்."

"அங்கியோடயா?"

"அங்கியோடதான்."

அம்மா யோசித்தார். "அப்ப நாத்தனார் பட்டு? மேல அங்கிய மாட்டிகினா அது யாருக்குடி தெரியும்?"

ஆண்டவரே!

"அக்கா, உனக்கு ஓகேதானே?" என்றான் தம்பி. நான் பார்த்த பார்வையில் வெளியே போய்விட்டான்.

அழைப்பிதழ் நேற்றே அச்சுக்குப் போய்விட்டது. நடத்துபவர் என்று இருக்கும் இடத்தில் என் பெயர் — படிப்போடு.