மதினிக்கு ஒரு வியாதி

என் மதினிக்கு ஒரு வியாதி கண்டுபிடிக்கத்தான் நான் உளவியல் வகுப்பில் சேர்ந்தேன். மதினி என்றால் கணவரின் அக்கா. மரியாதைக்காக இங்கே ‘அவர்’ என்று எழுதுகிறேன். மனதுக்குள் வேறு மாதிரித்தான் வரும்.

ரத்தொட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் நர்சரி நடத்தினேன். பதினாறு பிள்ளைகள். இரண்டாவது மகள் பிறந்த பிறகு எனக்குத் தூக்கம் போய்விட்டது. காரணமில்லாமல் அழுதேன். குழந்தையைத் தூக்கவே பயந்தேன். மாத்தளையில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் மாத்திரை எழுதி, வர வேண்டிய நாட்களைக் குறிக்கக் கையில் ஒரு கிளினிக் கொப்பியும் கொடுத்தார். சில மாதங்களில் தேறிவிட்டேன். ஆனால் எந்தக் கிளினிக் எந்த நாள் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். மனநலம் புதன்கிழமை. பல் டாக்டரிடம் காட்ட வந்த மதினி என்னை அந்த வரிசையில் பார்த்துவிட்டார்.

அவர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. பிள்ளைகளின் தாய்மாரைத் தேடிப் போய்க் கேள்விதான் கேட்டார்.

“பாவம், அவ புதன்கிழமை ஆளு. பிள்ளைய அவகிட்ட தனியா விட்டுட்டுப் போறீங்களே, பயமில்லையா?”

மாத முடிவில் மூன்று பிள்ளைகள் மிஞ்சினார்கள். அடுத்த மாதம் குட்டி நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிப் பரணில் ஏற்றினேன். அன்றைய அழுகைக்கு மாத்திரை கிடையாது.

சனிக்கிழமைகளில் பஸ் ஏறி மாத்தளைக்கு வகுப்புக்குப் போனேன். பிறழ்நிலை உளவியலுக்கு அச்சடித்துக் கொடுத்த பாடக்குறிப்பான டியூட்டைக் கையில் வாங்கியதுமே பென்சிலைச் சீவினேன். எந்த வியாதியைப் படித்தாலும் மதினியின் முகத்தை வைத்துத்தான் படிப்பேன். தற்பெருமைக் கோளாறு என்று வந்த இடத்தில் ஓரத்தில் ‘ம’ என்று போட்டு, பக்கத்தில் சரியும் போட்டேன். சந்தேகம், வஞ்சகம், அடுத்தவர் வலி உறைக்காமை, எல்லாவற்றிலும் ‘ம’. இப்படி ஒரு சந்தோஷம் எனக்குப் பள்ளிக்கூடத்தில்கூட வந்ததில்லை.

விரிவுரையாளர் ஒருநாள் குனிந்து பார்த்தார். “யாருங்க இந்த ‘ம’?”

“தெரிஞ்சவங்க, சேர்.”

“ராவுல தூங்குறாங்களா? வீட்டு வேலையெல்லாம் நடக்குதா? மனுசரோட ஒத்துப் போறாங்களா?”

“எல்லாம் ஒழுங்கா நடக்குது, சேர்.”

“அப்போ அழிச்சிருங்க. நமக்குப் பிடிக்காத ஆளெல்லாம் நோயாளி இல்லீங்க. குணம் வேற, வியாதி வேற.”

எனக்கு ஆத்திரமாக வந்தது. அழிக்கவில்லை. வீட்டுக்கு வந்து முழு டியூட்டையும் முதலிலிருந்து படித்தேன். பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு வரும் மனச்சோர்வு என்ற பக்கத்தில் ஒரு வரி விடாமல் பொருந்தியது எனக்குத்தான். அதுவும் குணமாகிவிட்டது. மதினியோ வயிறாரச் சாப்பிட்டு, படுத்ததும் தூங்கி, கோயிலுக்குப் போய், என் பிள்ளைகளுக்குச் சட்டையும் வாங்கித் தருகிறார். அவருக்கென்று அந்த டியூட்டில் ஒரு பக்கமும் இல்லை. ஒவ்வொரு ‘ம’வையும் நானே அழித்தேன்.

தீபாவளிக்கு மாமியார் வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். நான்தான் பரிமாறினேன். மதினி சத்தமாக ஆரம்பித்தார்.

“டாக்டரம்மா படிச்சு முடிச்சிட்டாங்களாம்! எனக்கு என்ன பிஸ்ஸு, என்ன பைத்தியம்னு சொல்லுங்க பார்ப்போம்.”

எல்லோரும் சிரித்தார்கள்.

“ஒரு வருசமா தேடிப் பார்த்துட்டேன் மதினி. ஒங்களுக்கு ஒரு வியாதியும் இல்ல.”

அவர் முகம் மலர்ந்தது. “கேட்டியா!” என்று தம்பியை, என் கணவரைப் பார்த்தார்.

“ஏதாவது இருந்திருந்தா, என் நர்சரிய மூட வச்சதுக்கு ஒங்கள மன்னிச்சிருப்பேன்” என்றேன்.

நான் மதினியின் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தேன்.