அவர் சொல்லாததை நான் சொன்னேன்

வாவிக்கரைக் கிராமமொன்றில் இறால் பண்ணை போடுவது பற்றிய கூட்டம். பண்ணைக்காரருக்காகப் பேசப் போயிருந்தேன். பட்டிமன்றங்களில் பழகிய நாக்கு எனக்கு.

வாவியில் இறால் பிடிக்கும் பெண்ணொருவர் எழுந்தார். உப்புத்தண்ணீரில் வெடித்த விரல்கள். அன்று யார் பேசினாலும், அதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்த பிறகே அவர் பதில் சொன்னார்.

"பண்ணை வந்தா எங்கட புள்ளயளுக்கு வேலை கிடைக்கும் எண்டு சொல்றீங்க. சரிதானே தம்பி?"

"ஓம்."

"வேலை நல்லதுதான். கழிவுத்தண்ணிய மட்டும் வாவிக்குள்ள விடாதீங்க."

நான் சபையைப் பார்த்துச் சிரித்தேன். "அக்காவுக்கு ஊர் முன்னேறுறது பிடிக்கல்ல!"

கைதட்டல் எழுந்தது. அவர் என்னையே பார்த்தார்.

"நான் அப்பிடிச் சொல்லல்லயே தம்பி. நீங்க சொன்னத நான் மாத்தாமத்தானே சொன்னன்?"

வாக்கெடுப்பில் கைகள் என் பக்கமே உயர்ந்தன. மாலை போட்டார்கள். நான் தலை குனிந்தது மாலைக்காக என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள்.